புதன்கிழமைக் குடிகாரன்

"என்ட மகனுக்குச் சாராயம் வாங்கிக் குடுக்கிறவளே நீதானாமே!"

கல்குடாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய பத்தினிப்பிள்ளை இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் தொடங்கிவிட்டாள். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மருமகள் றஞ்சிதா விளக்குமாறும் கையுமாக அப்படியே நின்றாள்.

"மாமி... முதல்ல உள்ளுக்கு வாங்க. தேத்தண்ணி தாறன்..."

"உன்ட தேத்தண்ணி ஆருக்கு வேணும்? செங்கலடியில, பட்டப்பகல்ல, ஒரு பொம்புள சாராயக் கடைக்குப் போய்க் கால் போத்தல் வாங்கிச் சீலைக்குள்ள மறைச்சிக்கிட்டு வாறாளாம்! கல்குடா வரைக்கும் கதை வந்திட்டு புள்ள! சந்தைக்குப் போக எனக்கு முகமில்ல!"

கதை பொய்யில்லை. அதுதான் கொடுமை! வாங்கியது றஞ்சிதாதான். ஏன் வாங்கினாள் என்று சொல்லத்தான் அவளால் முடியாது. கண்ணகை அம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணியிருந்தாள். அந்தச் சத்தியத்தை வாங்கியவன், உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்த அவள் புருசன் சுபாகரன்.

உண்மை இதுதான்: சுபாகரன் நாலு மாதமாக ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

சுனாமியில் தம்பி கோகுலராஜ் போன நாளிலிருந்து ஐந்து வருசம் குடித்தவன். கேட்டால், "நித்திரை வரத்தான் குடிக்கன்" என்பான். நித்திரை வரும், இரண்டு மணித்தியாலத்தில் போய்விடும். பிறகு விடியும்வரை நெஞ்சு படபடக்கப் பாயில் குந்தியிருப்பான். சண்டை முடிந்து, ஷெல் சத்தமில்லாமல் ஊரே படுத்துறங்கிய காலத்திலும் அவனுக்கு உறக்கமில்லை. தோணியை விட்டான், சோற்றை விட்டான், பேச்சையும் விட்டான். கடைசியில் றஞ்சிதாதான் அவனை இழுத்துக்கொண்டுபோய் டவுனில் புதன்கிழமை மனநலக் கிளினிக்கில் உட்காரவைத்தாள். டொக்டர் குளிசை கொடுத்து, பக்குவமாகக் குடியை நிறுத்தினார்.

இதை ஊருக்குச் சொல்லிப் பெருமைப்படலாம்தானே? விட்டானா மனுசன்!

"குடிகாரன் எண்டு சொல்லட்டும், பரவாயில்ல. கிளினிக்குக்குப் போறன் எண்டு தெரிஞ்சா விசரன் எண்டுவானுகள்" என்று சத்தியம் வாங்கிவிட்டான். புதன்கிழமைகளில் டவுனுக்குக் குடிக்கப் போவதாகக் கதை கட்டி, திரும்பும்போது சந்தியிலிருந்தே தள்ளாடிக்கொண்டு வருவான். சட்டையில் தெளிக்கச் சாராயம் வேண்டும். ஆனால் சாராயக் கடைப் பக்கமே போகக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. பிறகு யார் போவது? இந்தப் பாவி றஞ்சிதாதான்! தெளித்த மிச்சத்தைக் கொட்டிவிட்டு, அதே போத்தலில் வெறுந்தேத்தண்ணி ஊற்றி, ஊர் பார்க்க வாசலில் வைத்துக் குடிப்பான். நிறம் அச்சொட்டாக இருக்கும்.

"எங்க அவன்? இண்டைக்கே கூட்டிட்டுப் போறன். அவன்ட உடுப்பக் கட்டு!" என்றாள் மாமி.

இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவது. கோபித்துக்கொண்டு போவதென்றாலும் அவன்தான் போகவேண்டும். அழுதுகொண்டு ஓட றஞ்சிதாவுக்கு ஒரு தாய்வீடு கிடையாது. அவள் நிற்பதே தாய்வீட்டில்தான்!

சத்தம் கேட்டுச் சுபாகரன் எழுந்தான். அன்று புதன்கிழமை. நேற்றே சாராயம் தெளித்துக் கொடியில் போட்டிருந்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவன், தாயைக் கண்டதும் பழக்கதோசத்தில் கதவில் சாய்ந்து கண்ணைப் பாதி மூடினான்.

"ஆ...ரு? அம்மாவா...?"

"விடியக்காலத்தாலயே! ஐயோ, என்ட அம்மாளே!" பத்தினிப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன் புள்ள, நீயும் சேர்ந்துதான் குடிக்கியாமே?"

றஞ்சிதாவின் கண்கள் பொலபொலவென்று கொட்டின. எத்தனை பழியைத்தான் ஒரு மனுசி தாங்குவாள்! உள்ளே போனாள். இரண்டு சாரம், இரண்டு சட்டை, அடியில் குளிசையும் கிளினிக் கொப்பியும் வைத்துப் பையைக் கட்டினாள். கல்குடாவில் பழைய கூட்டாளிகள் போத்தலோடு காத்திருப்பார்கள். அங்கே போனால் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

பையை அவன் கையில் கொடுத்து, அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "நான் சத்தியத்த மீறல்ல. குளிசைய மட்டும் விட்டிராதீங்க."

சுபாகரன் நிமிர்ந்தான். முகம் கோணியது.

"அம்மா! நான் நாலு மாசமாக் குடிக்கல்ல!"

"குடிகாரனெல்லாம் இதத்தான் சொல்லுவான்!" தாய் கிட்டப்போய்ச் சட்டையை மோந்தாள். "தூ! நாறுது!" கொடிக்கயிற்றை அவிழ்த்து முற்றத்தில் நீளமாகப் போட்டாள். "குடிக்கல்ல எண்டா இதுக்கு மேல நேரா நட பாப்பம்!"

நாலு அடி நேராகத்தான் நடந்தான். அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலால் பக்கத்து வளவுச் சாமித்தம்பியின் தலை எழும்பியது. கதையைக் கல்குடாவுக்கு ஏற்றிவிட்டவரே அவர்தான். அவரைக் கண்டதும் சுபாகரனின் கால்கள் தாமாகவே தள்ளாடின.

"பாத்தியா! பாத்தியா!" பத்தினிப்பிள்ளை வாசலில் இருந்த போத்தலைத் தூக்கி மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தா! நீயே குடிச்சுக் கொண்டாடு!"

றஞ்சிதா வாங்கினாள். மூடியைத் திருகினாள். ஒரே மடக்கில் பாதிப் போத்தலைக் குடித்தாள்! வேலிக்கு மேலால் சாமித்தம்பி வாயைப் பிளந்தார்.

"மிச்சத்த நீங்க குடிங்க மாமி" என்று போத்தலை நீட்டினாள். "வந்ததில இருந்து தேத்தண்ணி தாறன் எண்டுதானே சொல்றன்!"

மாமி மோந்து பார்த்தாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டாள். இன்னொரு சொட்டு விட்டாள்.

"தேத்தண்ணி...! சீனியும் இல்ல...! ஏன்டா, வெறுந்தேத்தண்ணியக் குடிச்சிட்டாடா நாலு மாசமா ஆடின?"

அதற்குப் பிறகு சுபாகரன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச்சொல்ல அழுதான். "தம்பிட கை என்ட கைக்குள்ளதான் அம்மா இருந்திச்சு... வழுகிட்டு. நீங்க என்னட்ட ஒரு நாளும் கேக்கல்ல. கேட்டிருந்தா அழுதிருப்பன். கவலைக்குத்தான் குடிச்சன். மறுகா குடியே பெரிய கவலையாப் போச்சு."

"கேட்டா நீயும் செத்திருவாய் எண்டு பயந்தன்டா மனே..." பத்தினிப்பிள்ளை வாயிலிருந்த புகையிலையை வேலியோரம் துப்பினாள். "நான் மட்டும் என்ன நல்லாவா இருக்கன்? அவன் போனதில இருந்து இந்தப் புகையிலையோடதான் விடியுது. இது இல்லாட்டிக் கை நடுங்குது, இருந்தா நெஞ்சு படபடக்குது." பிறகு மருமகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினாள். "ஊர்ப் பழியெல்லாம் நீ சுமந்தியே புள்ள! உன்னப் பேசின இந்த வாய வெட்டிப்போடணும்!"

"வெட்ட வேணா மாமி" என்றாள் றஞ்சிதா, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில். "கழுவிட்டு வாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மாமி கழுவிக்கொண்டு வந்து தயங்கி நின்றாள். "அந்தக் கிளினிக்கில... பொம்புளையளையும் பாப்பாங்களா?"

"ஓம் மாமி. அதுக்குத்தான் கூப்பிடுறன்."

பஸ் தரிப்பிடத்தில் மூவரும் நிற்க, பின்னாலேயே சாமித்தம்பி வந்துவிட்டார். "குடும்பத்தோட எங்க பயணம்?"

சுபாகரனின் தோள் மெல்லச் சரியத் தொடங்கியது. தாய் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "நேரா நில்லுடா!" சந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "மனநலக் கிளினிக்குக்குப் போறம். எனக்கும் மகனுக்கும் மருந்தெடுக்க. என்ட மருமகள்தான் கூட்டிட்டுப் போறா!"

சாமித்தம்பி சிரிக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு அவர் வீட்டிலும் இரண்டு பாய் குறைவு. பஸ் வந்து நின்றபோது, மெதுவாகக் கேட்டார்:

"அங்க... நம்பர் துண்டு எத்தின மணி வரைக்கும் குடுப்பாங்க?"

நாலு மாதமாகப் பூட்டிவைத்திருந்த வாயை றஞ்சிதா திறந்தாள்.

"ஒன்பது மணி வரைக்கும், அண்ணன். ஏறுங்க, இடமிரிக்கு."