சனிக்கிழமைக்கு இரண்டு பக்கம்

ட்ரிங்... ட்ரிங்...!

1998. சனிக்கிழமை காலை. சோழவந்தான் நாற்றுப்பண்ணை ஆபீஸில் போன் அலறியது.

இந்துப்ரியா மண் ஒட்டிய கையோடு ஓடிவந்து எடுத்தாள். இந்த நேரத்துக்கு அவன்தான்!

"என்னடா, இன்னைக்கு சீக்கிரமே?"

"பாப்பா... நான் கப்பலூர் மர மில் வாட்ச்மேன் பேச்சிமுத்து."

"சொல்லுங்கண்ணே. ராம் எங்கே?"

"கட்டை அடுக்கு சரிஞ்சுருச்சும்மா. தம்பி அடியில மாட்டிக்கிருச்சு..."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களா?"

"கொண்டு போற நேரமே கெடைக்கல பாப்பா."

ரிசீவர் மேஜையில் விழுந்தது.

ஸ்ரீராம்குமாரும் இந்துப்ரியாவும் வனவியல் கல்லூரி கடைசி வருஷம். மூன்று மாதம் வெளியில் வேலைப் பயிற்சி. அவளுக்கு நாற்றுப்பண்ணை, அவனுக்கு மர மில். பயிற்சி சர்டிபிகேட் இல்லையென்றால் பட்டம் இல்லை. மீதி இருந்தது இரண்டே வாரம்.

நேற்றுத்தான் போனில் கொதித்தான். "இந்து, இங்க இருக்கிற தேக்குல பாதிக்கு மேல கள்ள முத்திரை! காட்டுல திருடி வெட்டிட்டு, கவர்மென்ட் சுத்தியல் அடிச்ச மாதிரி முத்திரை குத்தியிருக்கானுக. மேனேஜர்கிட்ட மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். ரேஞ்சர்கிட்ட போறேன்."

"ரெண்டு வாரம் பொறுடா. சர்டிபிகேட் வாங்கிட்டுப் போ" என்று சொன்னது அவள்தான்.

பாவி! பொறுக்கச் சொன்னேனே! அந்தக் குரல் அவளுக்குள் நிற்கவே இல்லை.

சனிக்கிழமை அரை நாள் என்று மகளை அழைத்துப்போக வந்திருந்த அப்பா ஹரிராம் பதறினார்.

"யாருக்கும்மா என்ன ஆச்சு?"

"கூடப் படிக்கிறவன்ப்பா..."

அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. சௌராஷ்டிரப் பெண், அய்யர் வீட்டுப் பையன். எந்த வாயால் சொல்வாள்? ஹரிராம் டி.வி.எஸ். ஃபிப்டியை உதைத்தார்.

கப்பலூர்.

வெள்ளைத் துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது. விரல்களில் அளக்கும் டேப் சுற்றியிருந்தது. இந்துப்ரியா பார்த்தாள். அழுகை வரவில்லை.

இன்ஸ்பெக்டர் தவசி ராமின் பயிற்சி டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேனேஜர் முத்திருளன், கர்ச்சீப்பும் கண்ணுமாக.

"தங்கமான பையன் சார். ஏறாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கலையே!"

"அதை அவனே எழுதியிருக்கானே." தவசி இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார். "சனிக்கிழமை. மேனேஜர் தடுத்தும் கேட்காமல் என் சொந்தப் பொறுப்பில் அடுக்கில் ஏறுகிறேன்... கீழே உங்க கையெழுத்தும் இருக்கு. கேஸ் முடிஞ்சது."

"நான் பாக்கலாமா சார்?"

பார்த்தாள்.

திக்கென்றது!

அது அவளுடைய எழுத்து!

அதே சாய்வு. அதே வளைவு. அவள் எழுதியது போலவே... ஆனால் அவள் எழுதவே இல்லை!

சொன்னால்? பயிற்சியே ரத்தாகும். பட்டம் போகும். அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். சொல்லாவிட்டால்? தன் திமிரால் செத்தவன் என்று அவன் பெயர் நிற்கும்.

"சார்... இது ராம் எழுதினது இல்ல."

முத்திருளன் சீறினார். "முன்பக்கத்தோட ஒத்துப் பாருங்க சார். ஒரே எழுத்து!"

"ஒரே எழுத்துதான்" என்றார் தவசி.

"ஆமா சார். முன்பக்கமெல்லாம் எழுதினது நான்!"

ஹரிராம் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவனுக்கு மரத்தைக் கண்டா சோறு வேணாம். டைரி எழுதுன்னா மட்டும் கை வலிக்கும். அதனால ஞாயித்துக்கிழமை நானே வர்ற வாரம் ஆறு நாளுக்கும் சேர்த்து எழுதிக் குடுத்துருவேன். தினமும் கட்டை அளக்கிறதுதானே? இந்த மேனேஜர் திங்கக்கிழமையே ஆறு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டுருவார். படிக்க மாட்டார்."

தன் பையிலிருந்த சொந்த டைரியை நீட்டினாள். தவசி இரண்டையும் ஒப்பிட்டார். அவர் முகம் இறுகியது.

"ஒத்துப்போகுது. அப்ப இந்தச் சனிக்கிழமைப் பக்கத்தையும் நீதானம்மா எழுதியிருக்கணும்?"

"அப்படிக் கேளுங்க சார்!" முத்திருளன் துள்ளினார்.

இந்துப்ரியா பைக்குள் மறுபடி கையை விட்டாள்.

"காலேஜுக்கு ஒரு காப்பி அனுப்பணும் சார். டைரித் தாளுக்கு அடியில கார்பனும் தனித் தாளும் வச்சுத்தான் எழுதுவேன். இவர் கையெழுத்தும் கார்பன்ல விழுந்துரும். காப்பியை எல்லாம் திங்கக்கிழமை சாயங்காலமே பெரியார் பஸ் ஸ்டாண்டுல வச்சு ராம் என்கிட்ட குடுத்துருவான். நான் எழுதின சனிக்கிழமை... இது."

தவசி வாங்கிப் படித்தார். சத்தமாகவே!

"சனிக்கிழமை. மேனேஜர் உத்தரவுப்படி அடுக்கில் ஏறி, முப்பத்திரண்டு தேக்குக் கட்டைகளின் சுற்றளவு எடுத்தேன்."

இந்துப்ரியா அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"மேனேஜர் உத்தரவுப்படின்னு எல்லாப் பக்கத்துலயும் போடுவேன் சார். மார்க் கிடைக்கும்னு..."

தவசி டைரியை விரித்து, தையலில் விரலை ஓட்டினார். கிழித்த தாளின் விளிம்பு நெருடியது.

"ஏன்யா முத்திருளா! சாவு விழுந்ததும் டைரியைப் படிச்சிருக்கே. உன் உத்தரவுப்படி ஏறினான்னு இருந்துச்சு. கிழிச்சுட்டு, அடுத்த தாள்ல அதே எழுத்து மாதிரி எழுதிட்டே. ஆனா அது பையன் எழுத்தே இல்ல! வெறும் விபத்துன்னா ஏன் இவ்வளவு பாடு? பேச்சிமுத்து, அடுக்குக்கு முட்டுக் குடுத்த ஆப்பு எங்கய்யா?"

பேச்சிமுத்து முன்னால் வந்தார். "மேனேஜர் ரூம்ல பாத்தேன் அய்யா. கூடவே சம்மட்டியும் கெடந்துச்சு."

முத்திருளன் கையெடுத்துக் கும்பிட்டார். "ரேஞ்சர்ட்ட போறேன்னு மெரட்டினான் சார்... அம்புட்டு முத்திரையும் நோட்டுல எழுதி வச்சிருந்தான்... என் பொழப்பே போயிரும்னுதான் ஆப்பைத் தட்டி விட்டேன்..."

பளார்! தவசி கையை உதறிக்கொண்டார்.

காப்பித் தாளைத் திருப்பியவர் சட்டென்று நின்றார்.

"பின்னாடி பென்சில்ல என்னமோ இருக்கேம்மா. தமிழ்ல."

அவள் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

"ஞாயிறு. இந்து அப்பாவைப் பார்க்கணும். வெள்ளைச் சட்டை அயர்ன் பண்ணணும். வணக்கம் சொல்லிட்டு உட்காரச் சொல்ற வரைக்கும் நிக்கணும். என்ன திட்டினாலும் வாயே திறக்கக்கூடாது."

கோணல்மாணலான எழுத்து. அவனேதான்!

அப்போதுதான் உடைந்தாள் இந்துப்ரியா. தரையில் சரிந்து, தலையில் அடித்துக்கொண்டு, மில்லே அதிர அழுதாள். "பொறுன்னு சொன்னேனேப்பா! நான்தானே பொறுன்னு சொன்னேன்!"

ஹரிராம் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் வீட்லதான்மா இருந்திருப்பேன்" என்றார். "உட்காருன்னுதான் சொல்லியிருப்பேன்."

தவசி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"காலேஜுக்குத் தெரிஞ்சா உன் பட்டம் போயிருமேம்மா. இந்தக் காப்பியை கோர்ட்டுல வைக்கணும். யோசிச்சுச் சொல்லு."

"வையுங்க சார். பட்டம் போனாப் போகுது."

தவசி தொப்பியை மாட்டினார். முத்திருளனின் காலரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்.

"சார்... ஸ்டேஷன்ல என்ன சார் பண்ணுவீங்க?"

"பயப்படாதய்யா. வாக்குமூலத்தை ரைட்டர் எழுதி வச்சிருவார். நீ கையெழுத்துப் போட்டாப் போதும். நீதான் படிக்காமலேயே போடுற ஆளாச்சே!"