ஒன்று போனால் இன்னொன்று

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் துப்பில்லை. பல் விளக்கினால் படம், கொட்டாவி விட்டால் படம்; அப்புறம் அத்தனையையும் ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று தூங்கப் போய்விடுகிறார்கள். மெக்கானிக்கின் மகனும் அப்படித்தான். போன மாதம் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று காலையில், செங்கல் பருமனில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, அங்கேதான் வயர் எட்டுகிறது என்று அம்மாவின் தலைமாட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டில் எடுக்கிற படமெல்லாம் தானாக அதில் ஏறிக்கொள்ளுமாம்.

மெக்கானிக்குக்கு அதன் சத்தம் பழகிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் பஸ் டிப்போவில் இன்ஜின்களைக் கேட்டே காலம் தள்ளிய காது அது. மெல்லிய ஓர் ஓட்டம், இடையிடையே கோழி தானியம் பொறுக்குவதுபோல் டக் டக். இன்று மதியம், மனைவியின் கையில் போன வாரம் வெந்நீர் கொட்டிய கொப்புளத்துக்கு மருந்து தடவி, புதுத் துணி சுற்றிவிட்டு, அவள் கண்ணயர்ந்ததும் திரையை இழுத்துவிட்டு, மருந்து நெடியும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் கலந்த அந்த அரையிருட்டில் நிமிர்ந்தபோதுதான் சத்தம் மாறியிருப்பது உறைத்தது. டக். நீளமாக ஓர் இழுவை. மறுபடி டக்.

நீண்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியைப் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். டிப்போவில் அவர் நாடி பார்த்த விதம் அது. உள்ளே பேரிங் அரைத்தது. ஏதோ ஒன்று எதையோ தேடிப் போய், கிடைக்காமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து முட்டிக்கொண்டிருந்தது.

மகனைப் போனில் பிடித்தார்.

“டேய், உன் பெட்டி மண்டையப் போடப் போகுது.”

“அப்பா, அது பஸ் இல்லப்பா.”

“பஸ்ஸா இருந்தா உன்கிட்ட எதுக்குடா கேக்கறேன்? பேரிங் போச்சு.”

“போனா போகட்டும். அதுக்குத்தானே ரெண்டு போட்டிருக்கேன். ஒன்னு போனா இன்னொன்னு அப்படியே எடுத்துக்கும், வித்தியாசமே தெரியாது. ரெண்டு லைட்டும் பச்சையா எரியுதா?”

“ஒன்னு பச்சை. ஒன்னு சிவப்பு.”

“எப்பலேர்ந்துப்பா?”

“நீ போன அன்னிலேர்ந்து.”

“சிவப்புன்னா காப்பி ஏறலன்னு அர்த்தம்பா. அப்ப ரெண்டாவதுல அன்னிக்குக் காலைல ஏறினது மட்டும்தான் இருக்கும். நீங்க அதுல கை வைக்காதீங்க. வேலை முடிஞ்சு கூப்பிடறேன்.”

“கை வைக்காம, கன்னத்துல வெச்சுக்கிட்டு உக்காரவா?” என்றார். லைன் போய்விட்டிருந்தது.

அவள் தூக்கமாவது கெடாமல் இருக்கட்டும் என்று பிளக்கைப் பிடித்தார். அப்போதுதான் மனைவியின் மூச்சு காதில் விழுந்தது.

டக். உள்ளே போனது. பெட்டி இழுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளேயே நின்றது. டக். வெளியே வந்தது.

எண்ணிப் பார்த்தார். இழுவைக்கு நான்கு. அடுத்ததற்கு ஏழு. அதற்கடுத்து பதினொன்று. மூச்சும் அதே நான்கு, அதே ஏழு, அதே பதினொன்று.

பிளக்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“இந்தாம்மா. எழுந்திரு.” தோளைப் பிடித்து உலுக்கினார். சாக்கு மூட்டைபோல் ஆடினாள். விழிக்கவில்லை.

திறந்து பார்த்துவிடலாம். பெட்டியின் ஸ்க்ரூக்களுக்கு நட்சத்திரம் வெட்டிய தலை. அவரிடமிருந்த ஒன்பது டிரைவரில் ஒன்றும் பொருந்தவில்லை. கடைசி ஒன்று வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. பெட்டி அதிராமல் இருக்க இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மலைப்பாதையில் திணறும் வண்டியிடம் பேசுவதுபோல் பேசினார்.

“நின்னுடாத ராசா. டிப்போ வரைக்கும் வந்துடு. அவ்வளவுதான்.”

டக்.

இருபது. முப்பது.

டக்.

நாற்பது. ஐம்பது.

பச்சை அணைந்தது. அவள் மார்பு இறங்கியது. ஏறவில்லை.

சத்தமில்லை.

பிறகு சிவப்பு, பச்சையானது. பெட்டிக்குள் வேறொன்று சுழலத் தொடங்கியது. சுத்தமான ஓட்டம். கொஞ்சமும் தேய்மானம் இல்லாத ஓட்டம்.

அவள் கண் திறந்தாள்.

“என்னங்க, பையன் ரெடியாயிட்டானா? டாக்ஸி வந்து நிக்குது பாருங்க.”

“அவன் போய் ஒரு மாசமாச்சேம்மா.”

“காலங்காத்தால விளையாடாதீங்க.” எழுந்தாள். கையில் சுற்றியிருந்த துணி கழன்று விழுந்தது. அடியில் கொப்புளம் இல்லை. வடுவும் இல்லை. வழவழவென்ற தோல்.

நேரே வாசலுக்குப் போனாள். வெயில் கொளுத்தும், ஆளில்லாத தெருவைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு.” சிரித்தாள். கை பாதியில் நின்றது.

அறைக்குள் டக்.

கை கீழே வந்தது. உயர்ந்தது. “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு.” அதே சிரிப்பு. அதே இடத்தில் நின்றது.

டக்.

தூக்கக் கலக்கம் என்றார் மெக்கானிக், உரக்க. மனுஷி வேறு, மிஷின் வேறு. விவரம் தெரிந்த எவனையாவது கூட்டிவர வேண்டும். செருப்பைக்கூடத் தேடாமல் அவளைக் கடந்து படியிறங்கினார். தோள் உரசியது. அவளுக்குள் ஏதோ சீராகச் சுழன்றுகொண்டிருந்தது.

நம்பவில்லை. இதையெல்லாம் நம்புகிற ஆள் அவர் இல்லை. கேட்டைத் தாண்டி, கொதிக்கிற தார் ரோட்டில், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால் அவள் சிரித்தபடி வழியனுப்பிக்கொண்டிருந்தாள்.

“போய்ச் சேர்ந்ததும்—”