வெர்பிவ்காவுக்கு ஒரு கடுகு

கடல் இல்லாத இடத்தில் இருக்கிறவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு யோசிப்பார்கள்?

ரதிதேவி இதை யாரிடமும் கேட்கவில்லை. அவள் இப்போது இருக்கும் ஒக்லாந்தில் எந்த மேட்டில் ஏறினாலும் எங்கோ ஒரு துண்டுக் கடல் தெரியும். அவள் பிறந்த யாழ்ப்பாணத்திலும் கடல் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவளுக்குக் கிடைத்த வின்னிட்சியாவில் கடலே இல்லை.

வின்னிட்சியா என்பது உக்ரைனில் உள்ள ஒரு மாகாணம். வகுப்பாசிரியை ஹார்ப்பர் மிஸ் தூரத்து இடங்களின் பெயர்களைச் சுருட்டி ஒரு தொப்பிக்குள் போட்டு, ஆளுக்கு ஒன்றாக எடுக்கச் சொன்னார். எடுத்த இடத்தை உப்புக் கலந்து பிசைந்த மாவால் நிலப்படமாகச் செய்ய வேண்டும். பக்கத்து மேசை ரெபேக்காவுக்குத் தஹிற்றித் தீவு வந்தது. ரதிக்கு வின்னிட்சியா.

"மிக நல்ல படம் நகர நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும்," என்றார் மிஸ். "செய்தவரின் பெயரும் கூடவே இருக்கும். ஒன்று மட்டும் கவனம். எல்லாம் நிலப்படப் புத்தகத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும்."

ரதிக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போயிற்று. பள்ளியில் அவளை ராடி என்றார்கள், ரீட்டா என்றார்கள், ஒருவன் ரேடியோ என்றான். கண்ணாடிக்குப் பின்னால் தன் பெயர் முழுதாக, பிழையில்லாமல் நிற்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க அது பெரிய எழுத்தாகிக்கொண்டே போனது.

சனிக்கிழமை அம்மா சமைக்கும் குசினியில், மேசை மேல் பலகையை வைத்தாள். மாவைத் தட்டிப் பரப்பினாள். நீல நூல் ஒன்று தென்பூக் ஆறாக வளைந்து ஓடியது. கோதுமை வயல்களுக்குக் கோதுமை மணி. சூரியகாந்தித் தோட்டத்துக்குச் சூரியகாந்தி விதை. ஆப்பிள் தோப்புக்குப் பச்சைக் கம்பளித் துணுக்கு. மண்தான் மிச்சம். அங்கே மண் கறுப்பு என்று புத்தகம் சொன்னது.

"அம்மா, தேயிலைச் சக்கையைக் கொட்டாதேங்கோ."

"ஏன் பிள்ளை, திருப்பி ஊத்திக் குடிக்கப் போறியே?"

"இல்லை. அது மண்."

அம்மா பத்மாவதி கையிலிருந்த தேயிலை வடியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சக்கையை ஒரு தட்டில் பரப்பி வெயிலில் வைத்தார்.

"அங்க சீனியை ஒரு கிழங்கில இருந்துதான் எடுக்கிறவையாம், அம்மா. பீற்றூட்டில."

"பீற்றூட்டிலயோ? அப்ப அங்கத்தைச் சீனி சிவப்பாயெல்லோ இருக்கும்."

அது சரியாகத்தான் பட்டது. புத்தகத்துப் படமோ கறுப்பு வெள்ளை. அம்மா கறிக்கு வெட்டிய பீற்றூட்டின் சாற்றில் மாவுருண்டைகளைத் தோய்த்து, வயல் முழுக்க வரிசையாக நட்டாள் ரதி.

சக்கை காய்ந்ததும் அதைத் தூவினாள். பிறகு கன்னத்தை மேசையில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். அப்படிப் பார்த்தால் அது பலகையே இல்லை. கறுப்பு மண் மெல்ல மேடேறி மெல்ல இறங்கியது. கோதுமை அவள் தலைக்கு மேலே நின்று அசைந்தது. வண்டிப் பாதை ஒன்று போய்க்கொண்டே இருந்தது, முடிவே இல்லாமல். சரி, இதைப் பார்த்துக்கொண்டுதான் யோசிப்பார்கள் என்று அவள் நினைத்தாள்.

"நித்திரையே?" என்றது அப்பாவின் குரல்.

அப்பா சோதிலிங்கம் பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தார். கூட வேலை செய்யும் ஒருவர் சனிக்கிழமைகளில் அவரைத் தன் காரில் கொண்டுவந்து விடுவார். இன்று அவரும் உள்ளே வந்திருந்தார். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்ற, நரைத்த மீசைக்காரர்.

"இவர்தான் பெட்ரோ. உன்ரை படத்தைப் பற்றிச் சொன்னன். அந்தப் பக்கத்து ஆளாம். பாக்கோணும் எண்டு நிண்டார்," என்றார் அப்பா.

பெட்ரோ பலகையைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். சிவப்பு உருண்டைகளைப் பார்த்ததும் மீசை ஆடியது.

"இதென்ன, தக்காளியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சீனி எடுக்கிற பீற்றூட்," என்றாள் ரதி.

"அது வெள்ளைக் கிழங்கு. எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அதைப் பிடுங்கிப் பிடுங்கி என் முதுகு ஒடிந்தது."

ரதி மொழிபெயர்த்துச் சொன்னாள். அம்மா நம்பவில்லை. "வெள்ளைப் பீற்றூட்டோ? அவர் முள்ளங்கியைச் சொல்றாராக்கும்."

தேத்தண்ணி வந்தது. கோப்பையை நீட்டியபடியே, வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் கேட்பதை அம்மா அவரிடமும் தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்கள் எந்த ஊர்?"

ரதிக்கு வெட்கமாகிவிட்டது. "அம்மா, இஞ்ச அப்பிடிக் கேக்கிறேல்லை. எந்த நாடு எண்டுதான் கேப்பினம்."

"ஏன், ஆளுக்கு ஊர் இல்லையோ?"

பெட்ரோ கோப்பையை மேசையில் வைத்தார்.

"வெர்பிவ்கா," என்றார். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது போல மறுபடியும் சொன்னார். "வெர்பிவ்கா. வெர்பா என்றால் ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு மரம். வில்லோ."

"எங்கட புளியங்கூடல் மாதிரி," என்றார் அப்பா. "மரத்தின்ரை பேர்தான் ஊருக்கும்."

"இந்த நாட்டில் இத்தனை காலம் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை," என்றார் பெட்ரோ. "சின்ன வயதில் சண்டை வந்து எங்களை எல்லாம் ஊரை விட்டுக் கொண்டுபோனது. இப்போது அந்த ஊர் இருக்கிறதோ என்னவோ."

ரதி பலகையைப் பார்த்தாள். ஐந்தாறு நகரங்களுக்குக் குண்டூசி குத்தியிருந்தாள். "நான் புத்தகத்தில் பார்க்கவில்லை," என்றாள்.

"இருக்காது. அவ்வளவு சின்ன ஊர்."

ரதி எழுந்து போய்க் கடுகுப் போத்தலை எடுத்து வந்தாள். ஒரே ஒரு கடுகை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "இவ்வளவு சின்னதா?"

அவர் சிரித்தார். "சரியாக இவ்வளவுதான்."

"எங்கே வைக்கட்டும்? நீங்களே வையுங்கள்."

பெட்டிகள் தூக்கித் தடித்துப்போன அவர் விரல் ஆற்றின் மேல் மெல்ல நகர்ந்தது. ஒரு வளைவில் நின்றது. கடுகோ அவர் விரலை விட்டு இறங்க மறுத்தது.

"ஊருக்கும் உங்களை விட மனமில்லை," என்றார் அப்பா.

ரதி ஒரு துளிப் பசை வைத்தாள். கடுகு ஒட்டிக்கொண்டது. பெட்ரோ குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவள் பார்த்த அதே மாதிரிப் பார்த்தார். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அவர் போன பிறகு ரதி சிவப்புக் கிழங்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு வெள்ளைக் கிழங்குகளை நட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பு மேசைகளில் உலகம் பரவிக் கிடந்தது. ரெபேக்காவின் தஹிற்றியில் பசை காயாமல் தென்னை மரங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. ஹார்ப்பர் மிஸ் நிலப்படப் புத்தகத்தைக் கையில் விரித்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தார். வின்னிட்சியாவின் முன் வந்ததும் குனிந்து முகர்ந்தார்.

"மண்ணா? தேயிலை மணக்கிறதே."

"தேயிலைதான், மிஸ்."

அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு குண்டூசியையும் புத்தகத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் சரி. பிறகு ஆற்றின் வளைவில் அவர் பேனா நின்றது.

"இந்தப் புள்ளி என்ன?"

"வெர்பிவ்கா."

மிஸ் பக்கத்தைப் புரட்டினார். பின்னால் இருந்த பெயர் வரிசையில் தேடினார். "இதில் இல்லையே, ரதிதேவி."

முதல் தடவையாக மிஸ் அவள் பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தார். ரதி நிமிர்ந்து நின்றாள்.

"அங்கே பிறந்தவர் ஒருவர் சொன்னார், மிஸ்."

"இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதிதானே? புத்தகத்தில் இல்லாத ஊரை நான் நூலகத்துக்கு அனுப்ப முடியாது." மிஸ் குரலைத் தாழ்த்தினார். "இதுதான் இருப்பதில் நல்ல படம். அந்தப் புள்ளியை மட்டும் எடுத்துவிடு. நகத்தால் கிள்ளினால் வந்துவிடும்."

"எடு," என்று ரெபேக்கா கிசுகிசுத்தாள். "யாருக்கும் தெரியாது."

கிள்ளினால் வந்துவிடும் என்று ரதிக்கும் தெரியும். கண்ணாடிப் பெட்டி அவள் கண் முன்னால் வந்தது. உள்ளே பெயர். வெளியே நின்று படிக்கிறவர்கள். அப்புறம், தடித்த விரல் ஒன்று ஆற்றோரமாக நடந்து வந்தது. வளைவில் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை.

ரதி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மன்னியுங்கள், மிஸ்," என்றாள் மெதுவாக. "அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் எடுக்க மாட்டேன்."