புலிப்புடவின் சிவப்பு மணி

“கீழ பாக்காத இசை. கயிற மட்டும் பாரு,” என்றான் மேலே நின்ற சக மாணவன் பஷீர்.

சொன்னதும் இசைவாணி கீழேதான் பார்த்தாள். ஓடை நூல்போலத் தெரிந்தது. தொல்லியல் முதுகலையில் சேர்ந்தபோது பாறை ஏற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே! இருந்தும் ஏறினாள். ஜவ்வாது மலையில் புலிப்புடவு என்ற அந்தக் குகையில் தோண்ட மூன்று நாள்தான் அனுமதி. இன்று கடைசி நாள். அந்தக் காலத்து மலை மக்கள் கடற்கரையோடு வணிகம் செய்தார்கள் என்பது அவளுடைய ஆய்வேட்டின் கருத்து. போன வருடம் இதே குகையின் மிகப் பழைய அடியடுக்கில் பஷீர் கண்டெடுத்த சூதுபவள மணிதான், இந்த மலையில் கிடைக்காத அந்தச் சிவப்புக் கல்தான், அதற்கு ஒரே ஆதாரம். ஒற்றை மணியை யார் நம்புவார்கள்? அதே அடுக்கில் இன்னொன்று வேண்டும்.

மதியத்துக்குமேல் அது கிடைத்தது. மண்ணைச் சுரண்டிய கரணையின் நுனியருகே சிவப்பாக மினுங்கியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“லாட்டரி அடிச்சிருச்சு. எடு, அளந்து பையில போடு,” என்றான் பஷீர்.

அவள் எடுக்கவில்லை. சுற்றியிருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அடியடுக்கு முழுக்க செங்கல்போல இறுகியிருக்க, அங்கே மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. தூரிகையால் தள்ளத் தள்ள வட்டமாக ஒரு வாய் தெரிந்தது. எலி வளை! மேலடுக்கிலிருந்து எந்தக் காலத்திலோ வளை வழியே உருண்டு விழுந்திருக்கக்கூடிய மணி; அடியடுக்கின் வயதை இதற்குச் சொல்ல முடியாது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்களே, அவள் நிஜமாகவே பிடித்துவிட்டாள்.

“தோண்டி முடிச்சா வளையே இருக்காது. யாருக்குத் தெரியப் போவுது?” பஷீர் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“அதுதான் பயமா இருக்கு. தோண்டின மண்ண இன்னொருத்தர் வந்து மறுபடி தோண்டிப் பாக்க முடியாது. நாம எழுதி வைக்கிறத நம்பித்தான் அவங்க பேசணும்.”

சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் ‘எலி வளை, காலம் சொல்ல இயலாது’ என்று எழுதினாள். வளையைப் படம் பிடித்து, வரைந்து, அந்த மண்ணைத் தனிப் பையில் கட்டினாள்.

இறங்கி வந்ததும் பஷீர் ஓடையில் முகம் கழுவினான். பிறகு அவளிடம் வந்து நின்றான்.

“இசை, போன வருஷம் என் மணி... கெடச்ச சந்தோஷத்துல சட்டுனு எடுத்துட்டேன். சுத்தியிருந்த மண்ணு எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்ல.”

இருந்த ஒரே ஆதாரமும் போயிற்று. ஆனாலும் அவனைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. குறிப்பேட்டை நீட்டினாள். பஷீர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, தேதி போட்டு, தன் மணியைச் சுற்றியிருந்த மண்ணைப் பார்க்காமலே எடுத்ததைத் தன் கைப்பட எழுதினான்.