ஒன்பதாம் அறைக்காரர் போகுமிடம்

1988 ஜூலையில், சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஐந்தருவிச் சாலையில் இருந்த அந்தப் பழைய லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தேன். என் பெயர் குற்றாலநாதன். திருநெல்வேலியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். குற்றாலத்திலேயே முதன்முதலில் லாட்ஜுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய ஆள் தான்தான் என்று முதலாளி முத்துக்குமாரசாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

கீழப்பாவூரில் வாடகை வீட்டில் என் மனைவி விஜயம் தனியாக இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். இதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டன. இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகக் கைக்கு வரவேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பே கிடையாது. அந்த வேலையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டதும் அதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் இருந்தது. முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஆனால் சாரல் யாருக்கும் மரியாதை கொடுக்காது. துவைத்த வேட்டியே மூன்று நாள் காயாத ஊரில் தகவல் ஏற்றி வைக்கும் பிளாப்பித் தகடுகளுக்குப் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? நாற்பது வாட் பல்புக்குக் கீழே அவற்றை அப்பளம்போலப் பரப்பிச் சூடுகாட்டி, பிறகு சொருகுவேன். கரண்ட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினால் அரை மணி நேரம் அடித்ததெல்லாம் போய்விடும். இப்படியே மல்லுக்கட்டி, பழைய தங்கல் பதிவேட்டில் இருந்த மூன்று வருடத்துப் பெயர்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தேன்.

அதற்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது.

தினமும் மதியம் மூன்று மணிக்கு அன்றைய நாளை முடிக்கவேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 'நாள் முடிந்தது' என்று இங்கிலீஷில் பச்சை எழுத்து வரும். சொன்ன தேதியில் யாராவது காலி செய்யாமல் இருந்தால் வராது. எனக்கு ஒரு வாரமாக வரவில்லை. தினமும் ஒரே வரி.

அறை ஒன்பது. ஆள் இருக்கிறார்.

மாடியில் ஒன்பதாம் அறை பூட்டிக் கிடந்தது. சாவி என் தலைக்கு மேல் ஆணியில் தொங்கியது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலன்னு வையி, பெட்டியையும் ஒன்னையும் சேத்து அனுப்பிருவேன்" என்றார் முதலாளி.

பதிவேட்டைப் புரட்டினேன். 1986 ஆகஸ்ட் மூன்று. வெங்கடேஸ்வரன், சிவகாசி. ஒரு நாள் தங்கல். காலி செய்த நேரம், போகுமிடம், கையெழுத்து, மூன்று கட்டமும் வெறுமையாக இருந்தன.

இருபது வருடமாக அங்கே அறை பார்த்துவந்த மாடன் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒடம்பெல்லாம் எண்ணெய தேச்சிக்கிட்டு அருவிக்குப் போனாரு தம்பி. வெள்ளம் வந்துட்டு. ஒடம்பு கெடைக்கவே இல்ல."

"காலி பண்ணிட்டார்னு எழுதியிருக்கலாமே?"

"எங்க போறாருன்னு எழுத? யாருக்கும் கை வரல. சும்மா கெடக்கட்டும், விட்டுருங்க."

எனக்கு விட மனமில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பெயரை அழித்தேன். மறுநாள் காலையில் அது பழைய இடத்திலேயே இருந்தது. மறுபடியும் அழித்தேன். மறுபடியும் வந்தது. அன்றுமுதல் என் கம்ப்யூட்டர் அறையில் நல்லெண்ணெய் வாடையும் ஈரத்துணி வாடையும் அடிக்க ஆரம்பித்தன. மேலே பூட்டிய அறைக்குள் யாரோ வாளியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. கூரை ஒழுகுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம். மேகம் இறங்கி, பகலிலேயே விளக்குப் போடவேண்டியிருந்தது. ஆளை அழித்தால்தானே திரும்பி வருகிறார், முறையாகக் காலி செய்ய வைத்தால் என்ன என்று அப்போதுதான் உறைத்தது. இதைக்கூட யோசிக்காமல் ஒரு வாரத்தை வீணடித்தோமே என்று சிரிப்பு வந்தது. தேதி போட்டேன். நேரம் போட்டேன். போகுமிடத்தை வெறுமையாக விட்டேன். புரோகிராம் ஏற்கவில்லை. ஒரு கோடு போட்டேன். அதையும் ஏற்கவில்லை.

படிக்கிற காலத்திலிருந்தே எனக்கு ஒரு பழக்கம். சோதனைக்கு ஏதாவது முகவரி வேண்டுமென்றால் கை தானாக என் வீட்டு முகவரியைத்தான் அடிக்கும். அன்றும் அடித்தது. கதவு எண்ணும் தெருவும் கீழப்பாவூரும்.

என்ட்டரைத் தட்டினேன்.

நாள் முடிந்தது.

துள்ளிக் குதித்தேன். ஒரு வாரத்துப் பாரம் இறங்கிவிட்டது. பிரிண்டர் கரகரவென்று அன்றைய தாளை அடித்துத் தள்ளியது.

மேலே ஒரு கதவு திறந்தது.

சொத், சொத் என்று ஈரக் கால்கள் படியிறங்கின. என் தலைக்கு நேர் மேலே ஒவ்வொரு படியாக.

என் அறைத் திரைச்சீலைக்கு வெளியே வந்து நின்றன.

எண்ணெய் வாடை மூச்சை அடைத்தது.

"போயிட்டு வாரேன் சார்" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

பிறகு காலடிகள் வாசல் பக்கமாகப் போயின. மாடன் அண்ணாச்சி ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒம்போது தெறந்து கெடக்கு தம்பி. கேட்டு வரைக்கும் ஒரே ஈரம். என்ன செஞ்சீய?"

"காலி பண்ணிட்டேன்."

"எங்க போறாருன்னு எழுதுனீய?"

அப்போதுதான் தாளைப் பார்த்தேன். என் வீட்டு முகவரி எனக்கே வேறு யாருடையதோ போலத் தெரிந்தது. அதை மாற்றப் பார்த்தேன். முடித்த நாளைத் திறக்க முடியாது என்றது திரை. யாரும் பின்னால் திருத்தித் தில்லுமுல்லு செய்யக்கூடாது என்று முதலாளியே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. சுவிட்சை அணைத்துப் போட்டேன். பிளாப்பியை உருவிக் கிழித்தே எறிந்தேன். வெளியே ஈரத் தடம் சாலையில் தென்காசிப் பக்கம் திரும்பியிருந்தது.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. தென்காசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கீழப்பாவூருக்கு ஒரு பஸ். இரண்டாவது பஸ்ஸில் உட்காரப் போனபோது கண்டக்டர் தடுத்தார்.

"அங்கன உக்காராதீய. யாரோ நனைஞ்சு வந்து உக்காந்துட்டுப் போயிருக்கான். முந்துன டிரிப்புல இருந்தே காயல."

நான் நின்றுகொண்டே போனேன். அந்த ஒரு மணி நேரத்தில் கும்பிடாத சாமி இல்லை. வேலை போகட்டும், கம்ப்யூட்டர் எரியட்டும், அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அவ்வளவுதான் கேட்டேன்.

கீழப்பாவூரில் ஒரு பொட்டு மழை இல்லை. தெருவெல்லாம் புழுதி. விஜயம் நடுவீட்டில் கையில் துண்டுடன் நின்றாள். உயிரோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்க, நீங்க அனுப்பிச்சதாச் சொல்லி ஒருத்தர் வந்தாரு" என்றாள். "வெயிலு இப்பிடி அடிக்கி, அவருக்குத் தலையிலருந்து தண்ணியா சொட்டுது."

"என்ன கேட்டான்?"

"தங்க எடம் இருக்கான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நனைஞ்சு வந்த மனுசர வாசல்லயே நிப்பாட்டவா? உள்ள வாங்கன்னு சொன்னேன். துண்டெடுக்கத் திரும்புதேன், அதுக்குள்ள ஆளக் காணல."

வீடு முழுக்கத் தேடினேன். கட்டிலுக்கு அடியில், அடுப்படியில், கிணற்றடியில். யாரும் இல்லை. பிறகுதான் தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து விஜயம் நின்ற இடம்வரை ஈரக் கால்தடம் வந்திருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

"என்னமோ வயிறு சில்லுன்னு இருக்கு" என்றாள்.

தொட்டேன். சேலைக்கு மேலேயே என் கை விறைத்தது. அவளை அப்படியே அழைத்துக்கொண்டு நர்ஸ் ஜாஹிரா பீவி வீட்டுக்கு ஓடினேன். திங்கட்கிழமைதான் அவர் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். விஜயத்தைப் படுக்க வைத்து, வயிற்றில் மரக்குழலை ஊன்றிக் காதை வைத்தார். ஒரு பக்கம் கேட்டார். நகர்த்தி மறுபக்கம் கேட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் முதல் பக்கம் கேட்டார்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லையேம்மா?" என்றேன்.

"அது நல்லாத்தான் இருக்கு." குழலை எடுக்காமலே என்னைப் பார்த்தார். "முப்பது வருசமா பாக்கேன், எனக்கு இப்படித் தப்புனதில்ல. திங்கக்கெழம ஒண்ணுதானே கேட்டுச்சு. இப்ப ரெண்டு கேக்கு."

விஜயத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டை இழந்தோம், கடவுள் இரண்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையை இழுத்து அந்தச் சில்லிட்ட வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டாவதுக்கும் இப்பவே ஒரு பேரு பாத்து வைங்க" என்றாள்.

அந்தப் பெயரை நான் முன்பே இரண்டு தடவை அழித்துப் பார்த்திருந்தேன்.