தொட்டால் காட்டும் கடிகாரம்

வலது ஆட்காட்டி விரலை, இன்னும் கையில் கட்டாத கடிகாரத்தின் சின்ன உலோகத் தகட்டில் வைத்துக்கொண்டு காஜா மைதீன் காத்திருந்தான். நாடித் துடிப்பின் எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் மின்னின.

"பாரு சுராயா, உன் புருஷன் மௌத்தாயிட்டான்."

"காலங்காத்தால சாவப் பத்திப் பேசற பேச்சா இது? வேற வெரல வையுங்க."

வலை பின்னிப் பின்னி, நைலான் நரம்பு அறுத்த இடத்தில் அவனுடைய வலது கை விரல்கள் கொட்டாங்கச்சி மாதிரி காய்த்திருந்தன. அதற்காகவே கடிகாரத்தை வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, மிருதுவான இடது சுண்டுவிரலால் தொடுவான். தொட்டான். அறுபத்தெட்டு. சிரித்துக்கொண்டே லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் ஓடப் போனான்.

துறைமுகத்தில் காவலாளி வேலை என்றால் ஓட்டத்தில் தேற வேண்டும். சின்ன வயசுக் காய்ச்சலில் அவன் இதயம் பழுதாகியிருந்தது. ஓடலாம், துடிப்பு நூற்றைம்பதைத் தாண்டினால் நின்றுவிட வேண்டும் என்று பொன்னேரி டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் எண்பத்தேழாம் வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்ததும் இரண்டு பேரும் பர்மா பஜாருக்குப் போனார்கள்.

"நெஞ்சுல பட்டை கட்டுறது தொள்ளாயிரம். ஓடும்போதே தானா எண்ணும்," என்றார் கடைக்காரர். "இது முன்னூறு. தொட்டாத்தான் எண்ணும்."

காஜா மைதீனின் கை பட்டையைத்தான் தடவிக்கொண்டிருந்தது. "தொட வெரல் இல்லையா இன்னா? இதையே குடுங்க," என்றவள் சுராயா. நூற்றைம்பதைத் தாண்டினால் கீச்சிடும்படி கடைக்காரரே திருகிக் கொடுத்தார்.

அன்று ஏழு மணிக்கு, மணலில் ஓடப் போனவனைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். பெண்கள் சுராயாவை உள்ளறைக்கு இழுத்துப் போனார்கள். கொழுந்தன் அபூபக்கர் கதவுக்கு வெளியே நின்று சொன்னான். "கம்பவுண்டர் ஊர்ல இல்ல அண்ணி. நான் கைய புடிச்சுப் பாத்தேன். வாட்ச்சுலகூட அண்ணன் வெரல வெச்சுப் பாத்தேன். கோடுதான் வந்துச்சு."

எந்த விரல் என்று கேட்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மையத்தை, உயிர் போன உடம்பை, காக்கவைக்கக் கூடாது. உடம்பில் இன்னும் சூடு இருக்கிறதே என்று குளிப்பாட்டியவர் சொன்னாராம். ஜூன் மாதத்து வெயில் என்றார்களாம். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கிவிட்டு வந்து, கைக்குட்டையில் முடிந்த கடிகாரத்தை அவள் மடியில் வைத்தார்கள்.

பிற்பகலில் அழுகை ஓய்ந்த வீட்டில் பன்னீர் வாசனையும் ஊதுவத்திப் புகையும், ஏரிப் பக்கத்திலிருந்து காற்றில் வந்த சேற்று நாற்றமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்க, கூரை ஓட்டின் இடுக்கு வழியாக விழுந்த வெயில் வட்டம் பாயின் மேல் மெல்ல நகர்வதையே சுராயா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மடியில் ஏதோ கீச்சிட்டது. சுவர்க்கோழி என்று நினைத்தாள். மறுபடியும் கீச்சிட்டது. முடிச்சை அவிழ்த்தாள்.

நூற்று ஐம்பத்திரண்டு.

தகட்டின் மேல் யார் விரலும் இல்லை.

நூற்று ஐம்பத்தொன்பது. நூற்று அறுபத்தாறு. எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன இதயப் படம், ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதைப் போல அடித்துக்கொண்டது.

"அபூபக்கரு! எந்த வெரல வெச்ச?"

அண்ணனின் எந்த விரல் என்று காட்ட, அவன் தன் வலது ஆட்காட்டி விரலை நீட்டினான். அதுவும் வலை பின்னிக் காய்த்த விரல்தான்.

"அதுல என்னிக்குமே வராதுடா! பாவி, என்னிக்குமே வராது!"

அபூபக்கர் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தான். கத்தி முனையால் மூடியை நெம்பி பேட்டரியை எடுத்து முற்றத்தில் வீசினான். கீச்சொலி நிற்கவில்லை.

"தோண்டுங்க. இப்பவே தோண்டுங்க!"

மாமியார் ஜைனம்பு அவள் வாயைப் பொத்தினார். "கபரத் தோண்டறதா? ஊரு இன்னா சொல்லும்? புள்ளைக்குப் புத்தி கலங்கிடுச்சு, புடிங்கடி."

சுராயா வாசலுக்கு ஓடினாள். நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். புருஷனை இழந்து இத்தாவில் இருப்பவள் நாலு மாசத்துக்குப் படி தாண்டக் கூடாது. அபூபக்கர் தாண்டலாம். தாண்டவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நூற்று எழுபத்தொன்று.

அவனை அடக்கிய கபர்ஸ்தான் கூப்பிடு தூரம்தான். ஈர மணல். ஆறடி. அவனுக்கு இருட்டென்றால் பயம்.

சாயங்காலம் அசர் தொழுகை நேரத்தில் கீச்சொலி நின்றது. நூற்று இருபது. பெண்கள் பிடியைத் தளர்த்தினார்கள். தொண்ணூறு. யாரோ டீ கொண்டுவந்தார்கள். அறுபத்தைந்து. ஐம்பது.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னபோது நாற்பத்து நாலு.

அதற்குக் கீழே இறங்கும் என்று விடியும்வரை பார்த்தாள். இறங்கவில்லை. கோடுகள் வரட்டும் என்று அல்லாவிடம் கேட்டாள். தன் புருஷன் மௌத்தாகட்டும் என்று கேட்டாள்.

இத்தா முடிந்தது. மழைக்காலம் வந்து போனது. அபூபக்கர் கல்யாணம் செய்து, பிறந்த பிள்ளைக்கு அண்ணன் பெயரையே வைத்தான். அவள் முகத்தை அவன் நேராகப் பார்ப்பதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, தெருவைப் பார்த்தபடி கேட்பான்.

"எவ்ளோ அண்ணி?"

"நாப்பத்து நாலு."

தலையாட்டிவிட்டுப் போவான்.