கட் சொன்ன பிறகு சிரிக்கணும்

பிணம் சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் குப்புறக் கிடந்தது.

பக்கத்தில் ஒரு கேடயம். பித்தளைத் தகடு பதித்த, மூன்று கிலோ கனமுள்ள, நூறாவது நாள் விழாக் கேடயம்.

இடம், தி.நகரில் ஒரு சினிமா ஆபீஸ் மாடி. நேரம், பட்டப்பகல் பதினொன்று இருபத்தைந்து.

டில்லிபாபு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான். அவன் கொலை செய்ய வந்தவனில்லை... நியாயம் கேட்க வந்தவன்!

கீழே கிடந்தவர் தயாரிப்பாளர் சந்திரமௌலி. பேய்ப் படமாகவே எடுத்து, பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த மாதிரி வீடு கட்டியவர். அவர் எடுத்த பதினோரு படத்திலும் பேய் ஒன்றே ஒன்றுதான்.

டில்லிபாபு!

முப்பத்தொரு வருஷம். அறுபத்துநாலு படம். புளியமரத்தில் தொங்கியிருக்கிறான். பாழுங்கிணற்றிலிருந்து ஏறி வந்திருக்கிறான். எத்தனையோ கதாநாயகிகளின் கட்டிலுக்கு அடியில் நாள்கணக்கில் படுத்திருக்கிறான். அவனைப் பார்த்துப் பயந்து ஜுரத்தில் விழுந்த குழந்தைகள், மறுவாரம் பஸ்ஸில் அவன் மடியிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போயிருக்கின்றன.

அவன் முகம் எப்படி இருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாப் படத்திலும் ரப்பர் முகமூடி...

"அடுத்த படத்துல நீதான் ஹீரோயினுக்கு அப்பா. மாஸ்க் கிடையாது. உன் சொந்த மூஞ்சி" என்று, ஷூட்டிங்கில் மாஸ்க்கோடு நின்றவனிடம் சந்திரமௌலி வாக்குக் கொடுத்து இரண்டு வருஷம். அந்த அப்பா வேஷம் வேறு யாருக்கோ போய்விட்டது என்று இன்று காலை அடையாறு ஷூட்டிங்கில்தான் காதில் விழுந்தது. ஒன்பது தடவை போன் அடித்தான். அவர் எடுக்கவில்லை. நேரிலேயே வந்துவிட்டான்.

நான்கு நிமிடம் முன்னால் இதே அறையில் நடந்தது இதுதான்.

"யாருப்பா நீ? கொரியரா? அங்க வெச்சுட்டுப் போ."

"சார்... நான் டில்லி."

"எந்த டில்லி?"

"டில்லிபாபு சார். பேய்."

சந்திரமௌலி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, நீதானா? இப்படித்தான் இருப்பியா? பாத்தியா, பதினோரு படம் எடுத்த எனக்கே அடையாளம் தெரியல. இந்த மூஞ்சிய நம்பி எவன் தியேட்டருக்கு வருவான்? போ, போய் மாஸ்க்கைப் போட்டுண்டு வேலையைப் பாரு."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பினார்.

அலமாரியில் அந்தக் கேடயம் இருந்தது. லைட்மேன் பெயர்வரை பொறித்திருந்தார்கள். டில்லிபாபு பெயர் மட்டும் இல்லை.

கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது...

டங்!

கேடயத்தைக் கர்ச்சீப்பால் துடைத்தான். படியிறங்கினான். வாசலில் வாட்ச்மேன் உமர் ஃபாரூக் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி செல்போனில் மூழ்கிப்போனார். மாடியில் ஒரு கேமரா இருந்தது. எட்டு மாதமாக ரிப்பேர்.

ஸ்கூட்டர் அடையாறுக்குப் பறந்தது.

படப்பிடிப்பு பங்களாவின் பின்பக்கக் குளியலறைக் கதவை இரண்டு தட்டு தட்டினான். கதவைத் திறந்தது... பேய்!

அதே ரப்பர் முகம். அதே கிழிந்த கோட்டு. முகமூடியைக் கழற்றினால் உள்ளே அவன் மச்சான் சின்னப்பையன், வியர்வையில் நனைந்த கோழி மாதிரி. பட்டினப்பாக்கத்தில் மீன் கடை போட்டிருப்பவன். மாமனும் மச்சானும் ஒரே உயரம், ஒரே உடம்பு. இன்றைக்குச் சவப்பெட்டியில் பிணமாகப் படுத்திருக்கிற வேலை மட்டும்தான் என்பதால், "ஒரு மணி நேரம் எனக்குப் பதிலா படுடா" என்று காலையில் போன் போட்டு வரவழைத்துவிட்டுத்தான் டில்லிபாபு தி.நகர் போயிருந்தான்.

"இன்னா மாமா இவ்ளோ நேரம்? உள்ள வேவுது."

"யாருனா கண்டுபுட்ச்சாங்களா?"

"ஒருத்தனும் கண்டுக்கல. நான் வாயே தொறக்கல. கட் கட்னு கத்துனாங்கோ. எழுந்து நேரா இங்க வந்துட்டேன். சூப்பரா பண்ணேன்ல?"

"பண்ண பண்ண. பின்வாசல் வழியா கெளம்பு."

டில்லிபாபு முகமூடியை மாட்டினான். ரப்பருக்குள் மச்சானின் மீன் வாசனை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பதினொன்று இருபத்தைந்துக்குப் பேய் நடிகர் டில்லிபாபு சவப்பெட்டியில் படுத்திருந்தார். ஐம்பது பேர் சாட்சி. அவன் செல்போன்கூட மேக்கப் அறைப் பையிலேயேதான் இருந்தது.

முப்பத்தொரு வருஷமாக அவனைச் சாகடித்துக்கொண்டிருந்த முகமூடி இன்றைக்கு அவனைக் காப்பாற்றப் போகிறது!

சாயங்காலம் ஆறு மணி.

மயிலாப்பூரில் அவன் குடியிருக்கும் சந்தில் போலீஸ் ஜீப் நுழைந்தது. எதிர் மாடியில் அபயாம்பாள் மாமி உலர்ந்துபோன ஒரே துண்டை அரை மணி நேரமாக உதறிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூசி எங்கிருந்துதான் வந்ததோ!

இன்ஸ்பெக்டர் கயல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது. குரல் ஏறவே ஏறாது.

"காலையில சந்திரமௌலிக்கு ஒன்பது தடவை போன் பண்ணியிருக்கீங்க."

"பண்ணேன் மேடம். எடுக்கல. நானும் உட்டுட்டேன்."

"பதினொன்னுல இருந்து பன்னெண்டு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"சவப்பெட்டில."

கயல் நிமிர்ந்தாள்.

"ஷூட்டிங் மேடம். பொணமா படுத்துகினு இருந்தேன். அம்பது பேரு பாத்தாங்கோ. கேமராவும் பாத்துகினு இருந்துச்சு."

"விசாரிச்சேன். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." கயல் நோட்டை மூடினாள். "வாட்ச்மேன்கிட்ட காட்டலாம்னு உங்க போட்டோவை நெட்ல தேடினேன். அறுபத்துநாலு படம் நடிச்ச மனுஷனுக்கு ஒரு போட்டோ இல்ல. எல்லாமே பேய்."

தப்பிக்கப் போகிறவனுக்கு அது தேன் மாதிரி இனிக்க வேண்டிய செய்தி. டில்லிபாபுவுக்கோ நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"பேப்பர்ல ஒரு தபா பேர் போட்ருந்தாங்கோ மேடம்" என்றான். "எழுத்துதான் சரியா இல்ல. தில்லைபாபுன்னு."

கயல் எழுந்தாள். வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தாள்.

அவ்வளவுதான்... அவள் போய்விட்டால் கதை முடிந்தது.

அந்த நேரம் பார்த்து, கையில் காய்கறிப் பையோடு அவன் மனைவி ஜானு வந்து நின்றாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யோவ், இன்னிக்கிப் பொண சீனுன்னியே. சிரிச்சியா?"

"சிரிச்சேன், சிரிச்சேன். போலீசு வந்துகிறாங்கோ, சும்மா இரு."

"போலீசு வந்தா? சிரிக்காம ஊட்டுக்குள்ள வந்தா தோசம் யாருக்கு?"

கயலின் கால் நின்றது.

"அதென்னங்க சிரிப்பு?"

"சினிமாவுல அதான் வழக்கம் மேடம்" என்றாள் ஜானு, சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷத்தில். "பொணமா படுத்தவன் சும்மா எழுந்து வரக்கூடாது. டைரக்டரு கட் சொன்னதும் கேமராவைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கணும். அப்பதான் கழியும். எம்புருசன் ஒரு நாளும் தவறினதில்ல. மாஸ்க்கைப் பாதி தூக்கிட்டு, பல்லைக் காட்டிட்டுத்தான் எழுந்துப்பாரு. ஷூட்டிங்ல கேளுங்க, சொல்லுவாங்கோ."

"அப்ப கேமரா ஓடிக்கிட்டு இருக்குமா?"

"ஓடலன்னா அப்புறம் இன்னாத்துக்கு மேடம் சிரிக்கறது?"

மச்சான் சொன்னது டில்லிபாபுவின் காதில் மறுபடி ஒலித்தது.

கட் கட்னு கத்துனாங்கோ. எழுந்து நேரா இங்க வந்துட்டேன்...

கயல் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கும் சிரிச்சீங்கல்ல?"

"சி... சிரிச்சேன் மேடம்."

"நல்லது. அதுல உங்க சொந்த வாய் இருக்கும். பாத்துட்டா உங்க பேரை அடிச்சிடலாம்."

மறுநாள் காலை பத்து மணி. ஸ்டேஷன்.

கயல் லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். திரையில் சவப்பெட்டி. ரோஜா மாலை. ரப்பர் முகம். மூலையில் நேரம் ஓடியது. பதினொன்று முப்பத்தொன்று.

'கட்!' என்றது குரல்.

பிணம் விருட்டென்று எழுந்தது. மாலையைக் கழற்றி எறிந்தது. முதுகைச் சொறிந்தது.

'அண்ணே, சிரிச்சுட்டுப் போங்கண்ணே' என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பிணம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாத்ரூம் பக்கம் நடையைக் கட்டியது.

"அப்பா வேஷம் போன கோபத்துல சிரிக்காம போறீங்கன்னு நெனச்சாங்களாம்" என்றாள் கயல். "எனக்கு அப்படித் தோணல. அந்த வழக்கமே தெரியாத ஆள் மாதிரி இருந்தது. உங்க உயரத்துல யார் இருக்கான்னு உங்க சம்சாரத்தையே கேட்டேன். தம்பின்னு பெருமையா சொன்னாங்க. பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்கற மாதிரி நின்னு, நேத்து எங்க போயிருந்தேன்னு கேட்டேன். நானும் சினிமால நடிச்சிட்டேன்க்கான்னு, வஞ்சிரத்தை வெட்டிக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டான். பாவம், எதுக்குப் படுக்க வெச்சீங்கன்னே அவனுக்குத் தெரியல."

அறை மூலையில் நின்ற உமர் ஃபாரூக் டில்லிபாபுவை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரா? ஒரு கொரியர்காரர் வந்தார்மா. இவரும் அப்படித்தான் இருக்கார். இவர்தான்னு அடிச்சுச் சொல்ல முடியல. மனசுல நிக்கற மூஞ்சியா இது?"

டில்லிபாபு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"யோவ், நான்தான்யா அது! நேருக்கு நேரா பாத்தியே. இன்னொரு தபா நல்லாப் பாரு!"



கயல் பேனா மூடியைக் கழற்றினாள். "எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோங்க மேடம்." அவன் சோர்ந்துபோய் உட்கார்ந்தான். "யாரு நீன்னு கேட்டாரு. பதினோரு படம் மேடம்... கொரியரான்னு கேட்டாரு."

மத்தியானம் ஸ்டேஷன் சுவரோரம் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். டில்லிபாபு சீப்பு கேட்டு வாங்கித் தலை வாரிக்கொண்டான். சட்டைக் காலரை இழுத்துவிட்டான். கிளிக் ஆனதும் கேமராவைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தான்.

கான்ஸ்டபிள் வெள்ளைத்துரை முறைத்தார். "எதுக்குய்யா இளிக்கிற?"

"ஷாட் முடிஞ்சிச்சில்ல சார். இந்தப் படம்தான பேப்பர்ல வரும்?"

"வரும், வரும்."

அன்றைக்கு லாக்கப்பில் அவனைப்போல் நிம்மதியாகத் தூங்கியவர் எவருமில்லை.

மறுநாள் காலை வெள்ளைத்துரை டீயோடு பேப்பரையும் கம்பி வழியாக நீட்டினார். முதல் பக்கம். நான்கு பத்திச் செய்தி. 'தயாரிப்பாளர் கொலையில் பேய் நடிகர் டில்லிபாபு கைது!' எழுத்துப் பிழைகூட இல்லை.

பக்கத்திலேயே, பாதிப் பக்கத்துக்குப் படம்...

ரப்பர் முகமூடி!

டில்லிபாபு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ ஆறிப்போனது. பிறகு எழுந்து, பேப்பரை நாலாக மடித்து, அந்தப் பக்கம் வந்த கயலிடம் கம்பி வழியே நீட்டினான்.

"மேடம்... அரெஸ்ட் ஆனது இவன்தான்னு போட்டுகிறாங்கோ. அப்ப நான் ஊட்டுக்குப் போலாமா?"